காலிக் குப்பி வியாபாரம்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிறவனுக்குப் பேச்சுதான் மூலதனம். நான் ஆய்வுக்கூடங்களுக்குப் புரதம் விற்றவன். இன்சூரன்ஸ் விற்கும் நண்பர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூரில், ஒரே ஒரு குப்பியோடு நான் பட்டது இது.

மனுசன் மாதிரி

உடம்புக்குள் நுழையும் கிருமியை ஆன்டிபாடி பிடிக்கும். அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்க, செல்லின்மேல் கை மாதிரி ஒரு புரதம் உண்டு, ரிசப்டர் என்பார்கள். மனித ஜீனை வேறு செல்லுக்குள் வைத்து, அந்தக் கையை மட்டும் வளர்த்தெடுத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். கோமதி என்ற ஆராய்ச்சி மாணவி கேட்டிருந்த குப்பி சனிக்கிழமை மாலை பீளமேட்டில் விமானத்தில் வந்து இறங்கியது. ஆய்வுக்கூடம் திறப்பது திங்கட்கிழமை. குளிரில் வைக்கச் சொல்லியிருந்ததால், துடியலூரில் என் வீட்டுக்கு எதிரே ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த நஞ்சப்பனிடம் கொண்டுபோனேன்.

பெட்டியில் 'ஹியூமன்' என்று இருந்ததைப் படித்ததும் கையை இழுத்துக்கொண்டார். "யாரோடதுங்க இது?" என்றார். ஜீனிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃப்ரீசரைத் திறந்தார்.

"அப்ப மனுசன் இல்லீங்க, மனுசன் மாதிரி. வெய்யுங்க, நம்ம கடைக்கு வாரதுல பாதிப் பேரு அப்படித்தானுங்க."

வெளிநாட்டுக் காற்று

கோமதி அந்தியூர்ப் பெண். உதவித்தொகை டிசம்பரோடு நின்றுவிடும். மீதி இருந்தது, அவள் தயாரித்திருந்த ஆன்டிபாடியை இந்தக் கை பிடிக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனை. இந்தக் குப்பி வீணானால் அடுத்தது வர மூன்று மாதமாவது ஆகும், பட்டம் அவ்வளவுதான். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏனுங்ணா, இது காலிங்களே" என்றாள்.

ஈரத்தை எடுத்து உலர்த்தி அனுப்புவார்கள், கடுகில் ஒரு துணுக்கு அளவுகூட இருக்காது, அடியில் படலமாக ஒட்டியிருக்கும் என்றேன். சொல்லும்போதே, நான் மட்டும் அதைப் பார்த்திருக்கிறேனா என்று தோன்றியது. அவளுடைய பேராசிரியர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சரக்கு இருக்கிறதென்று கம்பெனி ஃபேக்ஸ் அனுப்பட்டும், அதுவரை கரைக்கக் கூடாது என்று சொல்லி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். வாசல்வரை வந்து, மரியாதை குறையாமல் கேட்டார்.

"கோயமுத்தூர்ல காத்து கெடைக்காமத்தானுங்களா வெளிநாட்டுலிருந்து தருவிச்சீங்க?"

ஃப்ரீசருக்கு லீவு

ஃபேக்ஸ் வருவதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. விடுமுறை முடிந்து, ஃபேக்ஸோடு போனேன். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம். ஃப்ரீசருக்கு இரண்டும் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. கோமதி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பூசை போட்டவர் உதவியாளர் பொன்னுசாமி. முன்பு மில்லில் இருந்தவர். மில்லில் பூசையன்று எந்த மெஷினும் ஓடாது. இங்கும் ஒன்றுவிடாமல் சுவிட்சை அணைத்துவிட்டுக் கொடுமுடிக்கு, ஊருக்குப் போயிருந்தார். பேராசிரியர் கத்தி முடிக்கும்வரை தலைகுனிந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வருசம் பூரா ஓடுதுங்க. ஒருநா அதுக்கும் ரெஸ்ட் வேண்டாங்களா?"

நீலம்

அந்த ஃப்ரீசரில் முன்பே கரைத்து வைத்திருந்த மற்ற சரக்கெல்லாம் கெட்டிருந்தது. எங்கள் குப்பியை யாரும் கரைக்கவில்லை. உலர்ந்த சரக்கு சில நாள் வெளியே கிடந்தாலும் தாங்கும் என்று கோமதியிடம் சொன்னேன். "நெசமாலுமே தாங்குங்களாண்ணா?" என்றாள். தாங்கும் அம்மணி என்றேன். உள்ளே அது இருக்கிறதா என்பதே எனக்கு உறுதியில்லை. அது தாங்குமென்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

அவள் கரைத்தாள். தட்டின் குழிகளில் விட்டு, பக்கத்துத் துறை ஃப்ரீசரில் பத்திரமாக இருந்த தன் ஆன்டிபாடியைச் சேர்த்துக் கழுவி, கடைசியாக, கை அதைப் பிடித்திருந்தால் நீலமாகும் மருந்தை விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, நீலம் வரவேண்டிய குழிகளில் மட்டும் நீலம் வந்தது. கோமதி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் நின்று எட்டிப் பார்த்த பொன்னுசாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா, ரெஸ்ட் குடுத்துப்போட்டு எடுத்தா எப்படி வேலை செய்யுதுன்னு."

அந்தப் பேராசிரியர் நம்பும்படி நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசியிருந்தால் குப்பியை அன்றே கரைத்து ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள், பூசையோடு கோமதியின் பட்டமும் கரைந்து போயிருக்கும் என்பதுதான், பேசியே பிழைத்த எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்காத விஷயம்.