டிரைவர் அண்ணனின் தீபாவளிப் போர்வை

ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில், இடது கையில் பெரிய கட்டும் வலது கையில் சிறிய கொக்கி ஊசியுமாக அவர் உட்கார்ந்திருந்த அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மடியில் ஒரு சிவப்பு உல்லன் நூல் உருண்டை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையில் டீ வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். பதினான்கு வருடம் லாரி ஓட்டியவர், இரண்டு ஆள் சேர்ந்து கழற்றும் டயரைத் தனியாகத் தள்ளி நிறுத்துபவர், ஒரு நூலைக் கொக்கியில் மாட்ட முடியாமல் நெற்றியெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "டீயை அங்க வெய்யி தம்பி. இது ஒண்ணு சிக்கிருச்சு, எடுத்துட்டு வாரேன்" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரிகள் வடக்கே போகத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வண்டி சோலாப்பூரைத் தாண்டி ஒரு கரட்டுப் பூமியில் நின்றது. நான் டிரில்லர், லீவரைப் பிடித்து, பூமியைத் துளைக்கும் இரும்பு ராடை ஏற்றி இறக்குவது என் வேலை. அவர் டிரைவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ராடு மாட்டுவது அவருடைய வேலையே இல்லை. அன்றைக்கு ஓர் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் கைகொடுக்க வந்து நின்றார். மேலே தொங்கிய ராடைக் கீழே இருக்கும் ராடோடு சேர்த்துத் திருகிக்கொண்டிருந்தபோது, அவர் கையை எடுத்துவிட்டார் என்று நினைத்து நான் லீவரைத் தட்டிவிட்டேன். அவர் எடுத்திருக்கவில்லை. ராடுகளுக்கு நடுவே சிக்கி இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்ற விரல்கள் பிழைத்தன, ஆனால் மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டன.

சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த முதலாளி, லீவரில் யார் நின்றது என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. டிரைவர் அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "யாரும் ஒண்ணும் பண்ணலீங்க. நானே தெரியாம கையைக் குடுத்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றபோது நான் இருக்கிறேன் என்றேன். என்னால் செய்ய முடிந்தது அன்று அது ஒன்றுதான்.

அடுத்த பத்தாம் நாள் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். தாயில்லாத பெண். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். மாப்பிள்ளை எருமப்பட்டிப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். இவர் வெளியூர் வேலையில் கழித்த வருடங்களுக்கெல்லாம் அந்த ஒரு நாள்தான் கணக்கு. கட்டோடு ஊருக்குப் போய்விடலாம், நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"பொண்ணு அந்த ஊட்டுல காலெடுத்து வெக்கறதுக்கு முந்தியே அப்பனுக்குக் கை போச்சுன்னு பேச்சு வரும் தம்பி. ஆயுசுக்கும் அவளை ராசியில்லாதவன்னு சொல்லிப்போடுவாங்க. வண்டி ரிப்பேரு, வர முடியலைன்னு தந்தி குடு."

தந்தியாபீசில் நின்று அந்தப் பொய்யை என் கையால் எழுதினேன். செய்த தப்போடு சேர்ந்து அதுவும் என் கணக்கில் ஏறியது.

முகூர்த்த நாளன்று விடியற்காலையிலேயே அவர் எழுந்துவிட்டார். என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். கட்டுப் போட்ட கை நுழையாததால் ஒரு கை மட்டும் மாட்டிக்கொண்டு கட்டிலில் தெற்குப் பார்த்து உட்கார்ந்தார். முகூர்த்த நேரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வார்டில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "ஆயிருக்கும்" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து வைக்கச் சொன்னார்.

அந்த வார்டில் கேரளத்துச் சிஸ்டர் ஒருவர் இருந்தார். கோயமுத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். ஓய்வு நேரத்தில் மேசையருகே உட்கார்ந்து கிறிஸ்துமஸுக்காகச் சிவப்பிலும் வெள்ளையிலும் ஒரு போர்வை பின்னிக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போதே தொடங்கினால்தான் முடியுமாம். இந்த விரல்கள் மறுபடி மடங்குமா, கியர் பிடிக்குமா என்று டிரைவர் அண்ணன் தினமும் அவரிடம் கேட்பார். லாரியில் கியர் போடுவது இடது கைதானே. ஒரு நாள் அந்தச் சிஸ்டர் ஒரு கொக்கி ஊசியையும் நூலையும் கொண்டுவந்து கொடுத்தார். "வலது கை ஊசியைப் பிடிக்கட்டும். நூலை இறுக்கிப் பிடித்து விட்டுவிட்டுக் கொடுப்பது இடது கை. ஒரு நாளைக்குக் கொக்கியால் நூலை இழுத்து நூறு கண்ணி போடுங்கள், கை தானாக வரும்" என்றார். நான் டீயோடு வாசலில் நின்றது அதற்கு மறுநாள்.

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. நூல் நழுவும், அல்லது கயிறுபோல இறுகிவிடும். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். ஆனால் விடவில்லை. பத்து நாளில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குப் பின்னிவிட்டார். பிறகு அவர் கண் சிஸ்டரின் போர்வை மேல் விழுந்தது. ஒரு வரியில் ஒரே ஒரு நிறம்தான் ஓடுகிறது; அப்படியிருக்க இரண்டு நிறத்திலும் நட்சத்திரமும் மரமும் எப்படி வந்தன என்று கேட்டார். சிஸ்டர் காட்டிக்கொடுத்தார். எப்போதும் வலது ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், இடது ஓரம் வந்ததும் நூலை வெட்டிவிட்டு, அடுத்த நிறத்தை மறுபடி வலது ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை இருக்கும். பின் இழையில் மட்டும் குத்திப் பின்னினால் முன் இழை சும்மா நிற்கும். ஒரு வரி விட்டு அதே நிறம் திரும்பி வரும்போது, படத்தில் குறி இருக்கும் இடத்தில் மட்டும் ஊசியைக் கீழே இறக்கி, காத்திருக்கும் அந்த முன் இழையைப் பிடித்து நீளமாக ஒரு கண்ணி போட்டால், அது நடுவில் இருக்கும் வேறு நிற வரியை மறைத்துவிடும். அப்படி மறைத்தும் மறைக்காமலும் போவதில்தான் படம் எழும்புகிறது. இப்போது இதற்கு மொசைக் பின்னல் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குப் பெயர் தெரியாது. டிரைவர் அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். கை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நம்ம தொழிலுதான் சிஸ்டர். கீழ எறக்கிப் பாத்தாத்தான் என்ன இருக்குன்னு தெரியும்."

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது அவர் முடிவு செய்திருந்தார். மகளுக்கு ஐப்பசியில் தலை தீபாவளி. அதற்குள் ஒரு போர்வை. அரக்கு நிறத்திலும் சந்தன நிறத்திலும் நூல் சோலாப்பூர்க் கடையில் வாங்கினோம். கட்டம் போட்ட தாளில் அவரே படம் வரைந்தார். நட்சத்திரம் வேண்டாம், அகல் விளக்கு வேண்டும் என்று சொல்லி, வரிசை வரிசையாக விளக்கு, விளக்குக்கு மேல் சுடர், ஓரத்தில் கோலக் கட்டம் என்று போட்டார். குறுக்கே நூற்று எழுபத்தேழு கண்ணி.

அவர் ஊருக்குப் போகவில்லை. மகள் புது வீட்டில் நன்றாக வேரூன்றட்டும், அதன் பிறகு கையைக் காட்டிக்கொள்ளலாம் என்று எங்களோடே வந்தார். வண்டியை வேறொருவர் ஓட்டினார். இவர் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு, வேலையில்லாத பகல்களில் வண்டி நிழலில் உட்கார்ந்து பின்னுவார். போர் போடும் இடத்தில் மாவுபோலக் கல்தூசி பறக்கும். எட்டு முழ வேட்டி ஒன்றில் போர்வையைச் சுற்றி வைத்திருப்பார். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவாமல் அவிழ்க்க மாட்டார். மற்ற ஆட்கள் முதலில் கேலி பேசினார்கள். "ஏனுங்கண்ணா, எனக்கொரு பனியன் பின்னிக் குடுங்க" என்பார்கள். "முதல்ல நீ குளி. அளவு எடுக்கறேன்" என்பார்.

படத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை ஆயிற்று. "ஆறு சாதா, ஒண்ணு கீழ, மூணு சாதா, ஒண்ணு கீழ" என்று நான் படிப்பேன், அவர் பின்னுவார். ஒருநாள் பாதிப் போர்வையைத் தரையில் விரித்துப் பார்த்தபோது, பதினோரு வரிக்குக் கீழே ஒரு விளக்கின் சுடரில் ஒரு கண்ணி இறங்காமல் விட்டுப்போயிருந்தது. நான்தான் படிக்கும்போது தவறவிட்டிருக்கிறேன். வரி வரியாக நூல் வெட்டிப் பின்னியது; பிரிப்பதும் ஒவ்வொரு வரியாகத்தான். "யாருக்கும் தெரியாதுங்கண்ணா, உடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுமே சாமி."

பதினோரு வரியையும் இழை இழையாக உருவி, வெட்டுப்பட்ட நூல்களை வரிசை மாறாமல் வேட்டி மேல் அடுக்கி, அதே நூலை அதே வரியில் வைத்துத் திரும்பப் பின்னினார். நான்கு நாள் ஆனது. ஏன் தப்பாகப் படித்தாய் என்று கேட்கவில்லை. லீவரைப் பற்றியும் அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மகளுக்கு மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. தந்தி வந்த பிறகும், கல்யாணத்தன்று அப்பா வந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லித் தாலி கட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஊரிலிருந்து வந்த ஓர் ஆள் சொன்னான். அதைக் கேட்ட அன்று அவர் ஊசியைத் தொடவில்லை.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஊர் வந்து சேர்ந்தோம். ஓரத்து நூல் வால்களையெல்லாம் உள்ளே வைத்து, முன்னும் பின்னுமாக இரண்டு பட்டை பின்னி மூடி, போர்வையை முடித்துவிட்டிருந்தார். தலை தீபாவளிக்கு மகளையும் மருமகனையும் நேரில் போய் அழைக்க வேண்டும். என்னையும் வரச் சொன்னார். நாமக்கல்லில் பஸ் மாறி எருமப்பட்டியில் இறங்கி மகள் வீட்டில் உட்கார்ந்த பிறகும் இடது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

மகள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல, "வாங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். தூணோரம் போய் நின்றுகொண்டாள். சம்பந்தியம்மாதான் மழையைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். மருமகன் தோட்டத்தில் இருந்தார். பேச்சு ஓய்ந்ததும் டிரைவர் அண்ணன் எழுந்து வேட்டி மூட்டையை அவிழ்த்தார். அவ்வளவு பெரிய போர்வையை ஒரு கையால் விரிக்க முடியாது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலின் மேல் விரித்தார். அரக்கின் மேல் சந்தன விளக்குகள் வரிசையாகப் பரந்தன. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார். மகள் அவருடைய கையைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்கப்பா கை?"

"வண்டில ஒரு சின்ன அடி சாமி. ஆறிப்போச்சு."

"எப்போ?"

அவர் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். "கல்யாணத்துக்குப் பத்து நாளு முந்திங்க. கையிருக்கறதைப் பாக்காம லீவரைத் தட்டுனவன் நானுங்க. தந்தி குடுத்ததும் நான்தானுங்க. வண்டிக்கு ஒரு ரிப்பேரும் இல்லீங்க" என்றேன். டிரைவர் அண்ணன், "அந்த லீவரு பழசு, நழுவும்" என்று குறுக்கே சொன்னார். அது புது லீவர்.

சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். ராசி, பேச்சு என்று டிரைவர் அண்ணன் பயந்ததை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும், அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க சம்பந்தி, எங்களை அப்படியா நெனச்சுப்போட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேதியைத் தள்ளி வெச்சிருப்பமுங்களே. அப்பன் இல்லாம ஒரு பொண்ணுக்குத் தாலி கட்டுனது எங்களுக்குத்தான் பாவமுங்க." ஆறு மாதம் டிரைவர் அண்ணன் மகளுக்காக எந்தப் பேச்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தாரோ, அது அந்த வீட்டில் இல்லவே இல்லை.

மகள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஒரு விளக்கின் சுடரை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்தக் கையை வெச்சுக்கிட்டா இதைப் பின்னுனீங்க?"

"இதைப் பின்னித்தான் சாமி கையே வந்துச்சு" என்று மூன்று விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினார். அவள் அழுதாள். அழுதுகொண்டே, சாப்பிடாமல் இருவரும் போகக் கூடாது என்று எழுந்து உலை வைக்கப் போனாள். இலையில் எனக்கும் பரிமாறியபோது, "நீங்களும் தீபாவளிக்கு அப்பா ஊட்டுக்கு வந்துருங்கண்ணா" என்றாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், முதலாளியிடம் அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அவர் ஜன்னல் வழியே பார்த்தபடி, "ஒருத்தன் கை போச்சு. இன்னொருத்தன் பொழப்பும் எதுக்குப் போகோணும்?" என்றார். அந்தத் தைப்பொங்கல் கழித்து மறுபடி லாரி ஓட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு பதினாறு வருடம் ஓட்டினார்.

இன்று வண்டிகளில் எல்லாமே மாறிவிட்டன. எங்கே எது நடந்தாலும் அடுத்த நிமிடம் வீட்டுக்குப் போன் போய்விடுகிறது. ஒரு தந்திக்குள் ஒளிந்துகொள்ள யாராலும் முடியாது. டிரைவர் அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் ஐப்பசி பிறந்ததும் அவர் மகளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். போன தீபாவளிக்கும் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்தபோது, தலை நரைத்த அந்தப் பெண் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அந்தக் கையைப் பத்தி அப்பா உங்களை ஒரு வார்த்தையாவது குறை சொல்லியிருக்காருங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"ஒரு நாளும் இல்லீங்க."

"எங்கிட்டயும் சொன்னதில்லீங்க" என்றாள். சொம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் என் கையில் மெதுவாக ஊற்றி முடித்தாள்.