லண்டனில் வாசித்த ஓலை

கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் என் பக்கத்தில் கூடை போடுகிறவள் ஆரோக்கியம்மாள். அவள் குரலுக்கு லண்டனில் ஆட்டம் போட்டார்கள் என்று இங்கே எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

செம்பியன் அவளுடைய அண்ணன் மகன். தாயில்லாப் பிள்ளையென்று தூக்கி வந்து, தன் மகள் அனுப்பிரியாவுக்கு முந்தி அவனுக்குத்தான் சோறு போட்டாள். நல்ல வஞ்சிரத் துண்டு எதுவானாலும் அவன் தட்டுக்குத்தான் போகும். படிக்க லண்டன் போனவன் அங்கேயே தங்கி ராப் பாட்டுக்காரனாகிவிட்டான். ஆரோக்கியம்மாள் அக்காவுக்கு எழுத வராது. "மருமவனே" என்று ஆரம்பித்து வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாள்.

போன தையில் அனுவுக்குச் சிதம்பரத்திலிருந்து வரன் வந்தது. பையன் ஜெயப்பிரகாஷ், பள்ளிக்கூட வாத்தியார். வந்து பார்த்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் முறைப்பையன் இருக்கும்போது அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அயலில் கொடுக்கலாமா? ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அக்கா என் எதிரிலேயே போனை எடுத்துப் பேசினாள்.

"மருமவனே, சாப்டியா? அனு ஒனக்குத்தான்னு நெனச்சிட்டு இருக்கேன். புடிக்கலன்னா அத்தகிட்ட சொல்லிடு, கோச்சிக்க மாட்டேன். ஊருக்குத் தெரிய வேணாம்."

அவன் கேட்டான், நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. அக்கா சிதம்பரத்துக்காரர்களுக்கு இதோ அதோ என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதிலுக்குப் பாட்டு வந்தது. கீழே தடதடவென்று ஒரு மேள அடி, மேலே அவன் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுகிறான், நடுவில் அக்காவின் குரல். "மருமவனே, அனு ஒனக்குத்தான்." அப்புறம் "ஊருக்குத் தெரிய வேணாம், வேணாம், வேணாம்." 'புடிக்கலன்னா' என்று அவள் சொன்னதை மட்டும் வெட்டிவிட்டான். ஒரு மண்டபம் நிறைய வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையைத் தூக்கி "வேணாம் வேணாம்" என்று கத்துகிற வீடியோவும் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, மினி பஸ்ஸிலும் அதுதான், ஆட்டோவிலும் அதுதான்.

ஐஸ் போடுகிற இளவரசு கேட்டார். "என்னக்கா, மருமவன் லண்டன்லயே ஓலை வாசிச்சிட்டான் போல?"

அவர்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கு இன்னார் என்று சபை முன்னால் சாமியார் பெயரைச் சொல்லிவிட்டால் உறுதி. இளவரசு கிண்டலுக்குச் சொன்னதை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ஊரறிய அனு பேரச் சொல்லிட்டான் புஷ்பா. இதுக்கு மேல என்னா பதில் வேணும்?"

அன்றைக்கே சிதம்பரத்துக்குப் போன் செய்தாள். முறையிலேயே பையன் இருக்கிறான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவர்களும் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் ஜெயப்பிரகாஷுக்குப் பண்ருட்டியில் பெண் எடுத்துக் கல்யாணமும் முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் செம்பியனுடைய பேட்டி வந்தது. வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அனு மார்க்கெட்டுக்கு வந்து, போனில் அதை ஓடவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அந்தக் கொரல் யாரோடதுன்னு கேக்கறாங்கம்மா."

"சொல்லு, சொல்லு." அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"மீன் மார்க்கெட்ல யாரோ ஒரு அம்மாவாம். பேரு தெரியாதாம். அங்க மீன் விக்கறவங்க வாங்க வர்றவங்க எல்லாரையும் மருமவனேன்னுதான் கூப்புடுவாங்களாம்."

"அனு யாருன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. சும்மா சத்தம் நல்லாருக்குன்னு வெச்சதாம்."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். "எம் பேரு தெரியாதாமா அவனுக்கு?" என்று அக்கா மறுபடி மறுபடி கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? நன்றி கெட்டவன், கட்டையில் போகிறவன், அவன் நம்பரைக் கொடு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கிறேன் என்று கத்தினேன்.

"அவன விடுங்க சித்தி," என்றாள் அனு. அவள் அழவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ அவனக் கேட்ட. அவன் பாட்டக் கேட்ட. ஐஸ்காரர் சொன்னதக்கூடக் கேட்ட. என்னைய ஒரு வார்த்த கேட்டியாம்மா? எனக்கு அந்த சிதம்பரத்துக்காரரப் புடிச்சிருந்துது."