இருபது நிமிஷ நர்ஸ்

என் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் வேலையைக் கெடுத்த வருஷத்தில்தான் கிடைத்தது.

மலைமேல் இருக்கிற ஏழு ஊர்களுக்கும் அடிவாரத்தில் ஒரே சுகாதார நிலையம். அதற்கு ஒரே நர்ஸ் நான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். இரண்டு மணி நேரம் நடந்து வருகிற பெண்களை மத்தியானம் வரை பெஞ்சில் காக்க வைக்கிறோமே என்று எனக்கு உறுத்தல். டோக்கன் கொண்டுவந்தேன். எடைக்கு ஒரு மேசை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மேசை, கடைசியில் ஊசியும் மாத்திரையும். இருபது நிமிஷத்தில் ஆள் வெளியே. பார்வையிட வந்த மேலதிகாரி அம்மா, "உங்களப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்" என்றார். அன்று என் கால் தரையில் படவில்லை. "சோறு போடறீங்களா, மேடம்?" என்று கேட்டார் என் கணவர்.

அடுத்த மாதம் பதினெட்டுப் பேர் ஒன்பதானார்கள். அதற்கடுத்த மாதம் ஐந்து. பெண்களுக்கு அக்கறை போதவில்லை என்று முடிவுகட்டி, ஒரு மணி நேரப் பேச்சு தயாரித்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

வராதவர்களில் தையல்காரரின் மனைவியும் ஒருத்தி. எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்ததால் வாராவாரம் பார்க்க வேண்டியவள். மூன்று வாரமாகக் காணோம். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினேன். பாதி வழியில் எனக்கே ரத்த அழுத்தம் பார்க்க ஆள் தேவைப்பட்டது.

தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள். பாதம் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. பாறையில் உட்கார வைத்துப் பார்த்தேன். நூற்று அறுபது.

"ஏம்மா வரல? இருபது நிமிஷத்துல அனுப்பிடறேனே."

"அதனாலதான் வரலக்கா."

"என்னது?"

"முன்னெல்லாம் மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல சாஞ்சிருப்போம். பேசுவோம், ஒரு தூக்கம் போடுவோம். நர்ஸம்மா விட்டாத்தானேன்னு வீட்ல சொல்லிக்கலாம். இப்ப போன வேகத்துல திரும்பி வந்து நின்னா, அத்தை தோட்டத்துக்கு அனுப்பிடறாங்க. இதுக்கு எதுக்கு மலை எறங்கி ஏறணும்?"

"அப்பல்லாம் பெஞ்சுல உக்கார வெச்சு, உடம்பப் பாத்துக்கறது பத்தி நான் பேசினதெல்லாம்?"

"அப்பதான் நல்லா தூக்கம் வரும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

பத்து வருஷமாக என் பேச்சைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது என்று நம்பியவள் நான். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. வீட்டுக்குப் போய் அவள் மாமியாரிடம், உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"எப்பத் திரும்பி வருவா?"

சீக்கிரம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"குழந்தை பொறக்கற வரைக்கும் அங்கதான். கட்டில விட்டு எறங்கக் கூடாது. எறங்கினா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

மாமியார் மருமகளின் பாதங்களைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் போலிருந்தது. அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க உள்ளே போனார்.

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் ரோடு வரை தூக்கி வந்தார்கள். மறு செவ்வாய் டோக்கன்களை அடுப்பில் போட்டேன். இரண்டு பாய் வாங்கி பெஞ்சுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் குறைவில்லை. பார்க்கப் போனேன். தாய்க்கும் அழுத்தம் இறங்கியிருந்தது. கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம்க்கா" என்றாள், துக்கச் செய்தி சொல்வதுபோல. "டாக்டர்கிட்ட நீங்க கொஞ்சம் பேசறீங்களா? பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சுக்குங்க, அவரும் தூங்கிடப் போறாரு."

போய்ப் பேசினேன். நாலு நாள் வாங்கிக்கொண்டு வந்தேன்.