நிலா மண் குழியில் ஒற்றைக் குரல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ போடுகிற ஆள் நான். கெமிஸ்ட்ரி படித்தவள். அம்மா எதற்கெடுத்தாலும் ஓதி ஊதவந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் இதை நம்புங்கள் என்று கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான், ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை போகிற வழியில், முன்பு தோல் பதனிடுகிற ஷாப்பாக இருந்த ஒரு கொட்டகையில் நாங்கள் நிலா மண் செய்கிறோம். சிரிக்காதீர்கள். நிலாவில் ஓடப்போகிற வண்டியின் சக்கரத்தை இங்கே ஓட்டிப் பார்க்க அந்த மண் மாதிரியே மண் வேண்டும், ஆற்று மணலைக் கொட்டினால் ஆகாது, அது உருண்டு மழுங்கிப்போயிருக்கும், நிலாவில் இருப்பதோ காற்றும் தண்ணீரும் படாமல் கண்ணாடித் தூள் போலக் கூராகவே கிடக்கும். அதனால் சுண்ணாம்பு, அலுமினா, சிலிக்கா என்று கலந்து உலையில் உருக்கி, கனிமத்தையே புதிதாக உண்டாக்கி அரைப்போம். அதில் இரும்பு கலந்த கறுப்புக் கனிமம் ஒன்றுதான் படுத்தி எடுக்கும். சூட்டில் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், ஆர்கான் வாயுவை ஓடவிட்டுத்தான் சுடவேண்டும்.

ஆர்கானுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கிக்கொள்ளும். அதற்குள் மாட்டினால் ஒரு இருமல்கூட வராது, தூக்கம் மாதிரி ஆள் போய்விடும். எங்கள் உலையோ தோல் ஊறவைத்த பழைய குழிக்குள் இருந்தது, இறங்க இரும்பு ஏணி. மேலே அனல் அடிக்காது என்று நாங்களே செய்த புத்திசாலித்தனம். வாயு வெளியேற ஜன்னல் வரை குழாய் இழுத்திருந்தோம். வாயு தேங்கினால் கத்துகிற அலாரம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தோம், வந்து சேரவில்லை.

அன்று மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். கொட்டகையில் இரண்டே பேர். அரவை மெஷின் பார்க்கிற செல்லப்பாண்டி அண்ணன், குஜிலியம்பாறைக்காரர், கொட்டகைக்கு வெளியே பின்பக்கம் மண் சலித்துக்கொண்டிருந்தார். நான் ஆறிப்போன சட்டியை எடுக்கக் குழிக்குள் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது. உடம்பு சுகமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பயமே இல்லை, செத்த நேரம் உட்காரலாம் என்றுதான் தோன்றியது.

"நஸீமா!"

வாசல் பக்கத்தில் இருந்து அண்ணன் குரல். டீ ஆறுகிறது என்று கத்துவாரே, அதே அவசரம். ஒரே ஒரு தடவை. "வாரேண்ணே" என்று முனகிக்கொண்டே ஏறினேன், கை ஏணியில் நிற்கவே மாட்டேன் என்றது. வாசலுக்கு வந்தால் ஒருவரும் இல்லை. தலை விண்ணென்று தெறித்தது. கோபத்தோடு பின்பக்கம் போனேன்.

அவர் சல்லடையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"எதுக்குண்ணே கூப்பிட்டீங்க?"

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. "நீ வெளியவாம்மா இருக்க?"

"நீங்க கூப்பிட்டுத்தான வந்தேன்."

"நான் எங்க கூப்புட்டேன்? நீதான இப்பக் கூப்புட்ட. குழிக்குள்ள இருந்து, 'அண்ணே, செத்த எறங்கி வாங்க'ன்னு."

"அப்ப ஏன் வரல?"

"ஒருக்காத்தான கூப்புட்ட. மறுக்கா கூப்புட்டா போவோம்னு நின்னேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒற்றைக் குரலுக்கு அவர் பதில் கொடுக்கமாட்டார். மனுசனாக இருந்தால் மறுபடி கூப்பிடுவான் என்பார். இதைச் சொல்லி நான் அவரை ஓட்டாத நாள் இல்லை.

ஒரு நியூஸ்பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, கம்பியில் கட்டிக் குழிக்குள் இறக்கினேன். பாதி ஏணி தாண்டவில்லை, நெருப்பு பொட்டென்று அணைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் கழன்று தரையில் கிடக்கிறது. நான் நின்றபோது வாயு கழுத்துவரை ஏறியிருக்கும். உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கமாட்டேன். என் குரல் என்று நம்பி அவர் இறங்கியிருந்தால் அவரும்தான். மேலே இருந்த ஆர்கான் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே ஓடிவந்து இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றோம், மழை பெய்ததுகூடத் தெரியவில்லை.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். மூளைக்குக் காற்றுப் போதாவிட்டால் இல்லாத சத்தமெல்லாம் கேட்கும், சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர் திறந்த வெளியில் நின்றாரே, அவருக்கு ஏன் கேட்டது? அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். அந்தக் குழியில் யாரும் செத்ததாக ஒரு பேச்சும் இல்லை.

குழியை மூடிவிட்டோம், உலை மேலே வந்துவிட்டது, அலாரமும் வந்துவிட்டது, வேலை அதுபாட்டுக்கு நடக்கிறது. போன மாதம் ஸ்டோரில் மூட்டை சரிந்து என் நெஞ்சோடு அமுக்கிவிட்டது. "அண்ணே" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர் வரவில்லை. நல்ல வெளிச்சம், பட்டப்பகல். மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை கத்திய பிறகுதான் ஓடிவந்து மூட்டையைப் புரட்டினார்.

"மொதல்ல கூப்பிட்டது கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சும்மா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் இதே குரல்தான், துளி மாத்தமில்ல. நீதானான்னு நான் எத வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

இப்போதெல்லாம் கொட்டகைக்குள் தனியாகக் கால் வைக்கும்போது, இரண்டாவது தடவை கூப்பிட எனக்கு மூச்சு இருக்கவேண்டுமே என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.