பின்சக்கரத்துக்கு இரண்டு ஜோடி

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் முதலில் மேடேறுவது சுமலதாவின் மீன்வண்டிதான். ஐஸ் தண்ணீர் வழிந்து சேறாகிக் கிடக்கும் சரிவில் மற்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றி உழுதுகொண்டிருக்கும். அவள் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, முப்பது பெட்டி பாரத்தையும் அலுங்காமல் மேலே கொண்டுபோய்விடுவாள். வைத்திக்குப்பத்துப் பெண். வயது முப்பத்திரண்டு. அதில் பன்னிரண்டு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போனது.

கிளட்சை மிதிக்கும் அந்த இடது கால்தான் 2006 ஜனவரியில் அவளை டிராக் ரேஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவள் தம்பி நாகராஜ் போட் இன்ஜின் மெக்கானிக். பழைய கான்டெசா கார் ஒன்றை வாங்கி, டர்போ வைத்த ஜப்பான் இன்ஜினை அதற்குள் இறக்கியிருந்தான். டிராக் ரேஸ் என்றால் நேர்க்கோட்டில் கால் மைல் தூரம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார். முதலில் போய்ச் சேர்கிறவருக்கு ஜெயம். அந்த ரேஸுக்காகவே கட்டிய கார். ஆனால் நாகராஜ் கிளட்சை விட்டால் புகைதான் வரும், கார் நகராது.

"தள்ளி உக்காருடா" என்று ஒருநாள் சுமலதா ஏறினாள். அவள் விட்ட விடுகையில் பக்கத்தில் இருந்த நாகராஜின் தலை சீட்டில் போய் மோதியது.

"அக்கா! இனிமே நீதான் ஓட்டற. நான் ஸ்பேனரோட நின்னுக்கறேன்."

அடுத்த கவலை டயர். கடையில் கிடைக்கும் டயர் அந்த இன்ஜினின் இழுப்பைத் தாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் புருஷோத்தமன் வந்தார். பிரான்சில் இருபது வருஷம் இருந்துவிட்டு, மூலக்குளத்தில் வீடு கட்டிக் குடிவந்த நாற்பத்தைந்து வயதுக்காரர். அங்கே கார் ரேஸில் பைத்தியமாய்த் திரிந்தவர். கட்டிலும் பீரோவும் வந்த அதே கன்டெய்னரில் இரண்டு ஜோடி ரேஸ் டயரும் வந்திருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றார்கள். சுமலதாவும் அப்படியே கூப்பிட்டாள்.

ஒரு ஜோடி நைலான் வகை. உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். பக்கச்சுவர் மெத்தென்று மடங்கிக்கொடுக்கும். இன்னொரு ஜோடி ரேடியல். நூல் நேராக ஓடி, மேலே கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். விறைப்பான டயர்.

"ரேடியல்தாம்மா. யோசிக்கவே வேணாம்" என்றார் புருஷோத்தமன். "ரோட்டுக் கோடியில போவும்போது பார், கார் ஈட்டி மாதிரி போவும்."

"கோடிக்கு அப்புறமா போலாம் முசே. மொதல்ல கெளம்பணுமில்ல?"

விற்காத மனைகளுக்கு நடுவே மூலக்குளத்தில் நீளமாக ஒரு தனியார் சாலை இருந்தது. மனைக்காரரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு முனையிலும் கயிறு கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஐந்து ஓட்டம்.

நைலான் ஐந்து தடவையும் பிடித்தது. கிளட்சை விட்டதும் டயரின் பக்கச்சுவர் சுருங்கி, அந்த அடியைத் தானே வாங்கிக்கொண்டு, அப்புறம் நிமிர்ந்து காரைத் தூக்கி எறிந்தது. சுமலதா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். ஆனால் வேகம் ஏற ஏறக் காரின் வால் லேசாக ஆடியது. முன்னால் சாதாரண ரேடியல், பின்னால் நைலான் என்றால் அப்படித்தான். ரேடியலோ ஐந்தில் இரண்டு தடவைதான் பிடித்தது. மற்ற மூன்றிலும் வழுக்கிப் புகைந்தது. பிடித்த அந்த இரண்டு தடவையும் மட்டும் ஸ்டாப்வாட்ச் நைலானைவிட கால் வினாடி குறைத்துக் காட்டியது.

"அலோர், பாத்தியா?" என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கேட்டு வாட்ச்சை நீட்டினார் புருஷோத்தமன்.

"அஞ்சுல ரெண்டு முசே. ரேஸுல ஒரு தடவ வழுக்கனா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். நைலானே போடு நாகராஜு."

புருஷோத்தமனுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் ரேடியல் ஜோடியையும் மீன்வண்டியில் ஏற்றச் சொன்னார். காரை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மூன்று பேரும் சென்னைக்குக் கிளம்பினார்கள்.

ரேஸ், ஊருக்கு வெளியே பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுபாதை ஒன்றில். அவர்கள் பிரிவில் எட்டு கார். தோற்றால் வெளியே; மூன்று சுற்று. பெண் ஓட்டுநர் அவள் ஒருத்திதான். பதிவு மேஜையில் இருந்தவர் நாகராஜைப் பார்த்து, "டிரைவர் கையெழுத்துப் போடுங்க" என்றார். சுமலதா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

காலையில் ஓடுபாதை தூசியும் குளிர்ச்சியுமாக இருந்தது. விறைப்பான டயர் போட்டுவந்த இரண்டு கார்கள் கிளம்பிய இடத்திலேயே பாம்பாய் நெளிந்தன. சுமலதா நைலானில் காற்றைக் குறைத்து வைத்து, பச்சை விளக்கு விழுந்த நொடியில் கிளட்சை விட்டாள். டயர் கவ்வியது. முதல் சுற்றில் ஒரு கார் நீளத்தில் ஜெயித்தாள். அரையிறுதியிலும் அப்படித்தான், ஆனால் கோடு நெருங்கும்போது வால் ஆட, பக்கத்துக் கார் விறுவிறுவென்று நெருங்கிவந்து மூக்களவில் தோற்றது.

இறுதியில் எதிரே வடிவேல். போன வருஷம் ஜெயித்த சென்னைக்காரர். அவருடைய வெள்ளைக் கார் அரையிறுதியில் 13.7 வினாடியில் ஓடியிருந்தது. சுமலதாவின் நேரம் 13.9.

மணி மூன்று. வெயில் கொளுத்தியது. சுமலதா ஓடுபாதைக்குள் நடந்துபோனாள். காலையிலிருந்து கார்கள் தேய்த்த ரப்பர் கிளம்பும் இடத்தில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. அவள் செருப்பை அழுத்தி வைத்து எடுத்தாள். செருப்பு அங்கேயே ஒட்டிக்கொள்ள, வெறுங்கால்தான் மேலே வந்தது. செருப்பைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நாகராஜு! ஜாக்கி எடு. ரேடியல மாட்டு!"

"அக்கா, இருபது நிமிஷந்தான் இருக்குது!"

புருஷோத்தமன் பதறிவிட்டார். "மே நோன்! வேணாம்மா! ரெண்டு சுத்து ஜெயிச்சுக் குடுத்த டயரும்மா. இப்ப போயி மாத்துவாங்களா?"

"நீங்கதான முசே ரேடியல் ரேடியல்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அது உன்னான்ட வழுக்குச்சே!"

"அது சாதா ரோடு. இது இப்ப பசையாட்டம் ஒட்டுது. டயர் வழுக்காது. நான் கிளட்ச அடிச்சி வுடாம இருந்தா போதும்."

அவளுக்கு நினைவுக்கு வந்தது துறைமுகச் சரிவு. நைலான் அடியைத் தாங்கிக்கொள்ளும், ரேடியல் தாங்காது. அதற்கு அடி கொடுக்கக் கூடாது, ஊட்ட வேண்டும். பாதி விட்டுப் பாதி பிடித்து. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஐந்து தடவையும் அவள் நைலானை ஓட்டுவதுபோலத்தான் ரேடியலையும் ஓட்டியிருந்தாள்.

நாகராஜ் ஜாக்கியை உருட்ட, புருஷோத்தமன் வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு நட்டுக் கழற்றினார். கடைசி நட்டை முறுக்கும்போது மைக்கில் அவள் பெயர் இரண்டாவது முறையாக ஒலித்தது.

தண்ணீர் தெளித்த இடத்தில் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டு டயரைச் சூடாக்கினாள். புகை காருக்குள்ளே வந்தது. கோட்டில் போய் நின்றாள். பக்கத்தில் வடிவேல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள். மஞ்சள். பச்சை.

வடிவேல் முதலில் பாய்ந்தார். சுமலதாவின் கால் ஒரு கணம், ஒரே கணம், கிளட்சில் தங்கியது. பிறகு கார் கிளம்பியது. வழுக்கவில்லை, புகையவில்லை, முதுகைச் சீட்டோடு அறைந்துவிட்டுப் போனது. இரண்டாவது கியரில் வெள்ளைக் கார் அரை நீளம் முன்னே. மூன்றாவதில் அதன் கதவு தெரிந்தது. வால் ஆடவில்லை. ஸ்டியரிங் அசையவில்லை. ஈட்டிதான்! காருக்குள் தனியாக அவள் "ஓடு, ஓடு, ஓடு!" என்று கத்தினாள். நான்காவது கியர் விழுந்தபோது பக்கத்தில் வெள்ளை எதுவும் இல்லை; அது பின்னால் போயிருந்தது.

13.5 வினாடி.

காரைத் திருப்பிக்கொண்டு வந்தபோது நாகராஜ் ஓடுபாதை ஓரமாகவே எதிரே ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னால் புருஷோத்தமன், மூச்சு வாங்கியபடி, கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு. சுமலதாவுக்கு அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வடிவேல் வந்து கை கொடுத்தார். குனிந்து பின்டயரைத் தொட்டுப் பார்த்தார். "அரையிறுதியில இது இல்லியே மேடம்?"

"இல்ல சார். இப்பத்தான் மாத்துனோம்."

"எந்த தைரியத்துல?"

"தரை ஒட்டுச்சு சார்" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் சுமலதா ரேஸ் ஓட்டினாள். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. எங்கே போனாலும் இரண்டு ஜோடியும் கூடவே போயின. எது நல்ல டயர் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவள் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த ரோட்ல ஓட்டப்போற? எத்தன மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். பக்கத்தில் புருஷோத்தமன் இருந்தால், அவள் வாய் மூடுமுன்னே, "ரேடியல்தாம்பா!" என்பார்.