தம்பி வண்டிக்கு ஊற்றிய கார் ஆயில்

மெக்கானிக் பழுதுபார்ப்பவை பழைய மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கிளட்ச் இருக்கும் பக்கவாட்டுப் பெட்டிக்கு வேறு ஆயில். பெட்டியில் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பதினெட்டு வருடமாகச் சொல்லி வந்தவர் அவர்.

அவர் தம்பிக்கு மேட்டுத் தெருக்களில் பேக்கரி ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை. அவன் வண்டிக்கு ஆயில் மாற்றிய அன்று, கார்க்காரர் ஒருவர் விட்டுப்போன உயர்ரக ஆயில் அலமாரியில் இருந்தது. தம்பிக்காவது நல்லதாக ஊற்றுவோமே என்று அதையே பெட்டியில் ஊற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"ஊருக்கெல்லாம் டாக்டரு, என் வண்டிக்கு மட்டும் எமனா அண்ணே?"

"பாசத்துல புத்தி மழுங்கிடுச்சுடா."

"பாசத்த ஒரு டீ வாங்கிக் குடுத்துக் காட்டியிருக்கக் கூடாதா?"

பெட்டியைத் திறந்ததும் தீய்ந்த வாடை அடித்தது. கிளட்ச் தகடுகள் கருகியிருந்தன. அந்த மாடலுக்குத் தகடு வருவது நின்று நான்கு வருடமாகிறது. ஏழு கடைகளுக்குப் போன் செய்தார், ஏழும் கைவிரித்தன.

அதற்குள் பேக்கரியிலிருந்து தம்பிக்கு அழைப்பு வந்தது.

"வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்ணே."

மெக்கானிக் எட்டாவது கடைக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார்.