மேலே எழுதிக்கொண்டிருக்கிறார்

பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூட கபித்தோலினா அர்காதியேவ்னா ஜன்னல் வழியே விரலை நீட்டி மிரட்டுவாள். பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் கோடைக் குடியிருப்பில் எல்லாம் இசையமைப்பாளர்களின் வீடுகள். பகல் சாப்பாடுவரை யாரும் உரக்கப் பேசக்கூடாது. எந்த மாடியிலாவது ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். குழந்தைகள்கூட அங்கே கிசுகிசுத்துத்தான் சண்டை போடும்.

அவள் கணவர் ரோஸ்திஸ்லாவ் மண்ணுக்குள் போய் மூன்று கோடை ஆகிறது. அவள் இன்னும் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாள். தேநீரையும் கொட்டையோடு காய்ச்சிய செர்ரிப்பழ ஜாமையும் மாடிப்படியில் பாதி ஏறி வைத்துவிட்டு, சால்வைக்குள் சிலுவைக் குறி இட்டபடி இறங்குவாள். மாலையில் கோப்பை காலியாக இருக்கும்.

"எலிக்கு டீ பழக்கிட்டியாடி, லீனா?" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து பாடகி நோன்னா அவளைச் சீண்டினாள்.

"எலி கொட்டையைத் துப்பி, தட்டோரமா வரிசையா அடுக்குமாடி?"

அதன்பின் நோன்னா வேலிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

வீடு இசையமைப்பாளர் சங்கத்துச் சொத்து. எழுதுகிறவர் போய்விட்டால் குடும்பமும் போகவேண்டும். வீடு கைவிட்டுப் போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அவள் போகவேண்டிய நகரத்து அறைக்கு வரக் கணவருக்கு வழி தெரியுமா என்பதுதான் அவள் கவலை.

ஜூலையில் ஒரு காலை சங்கத்தின் சார்பில் கிளெப் சவேலியெவிச் வந்தார். அவரும் இசையமைப்பாளர், அதே குடியிருப்புக்காரர். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஷ்ஷ்! வேலை நேரம்னு தெரியாதா உங்களுக்கு?"

பல வருஷப் பழக்கம். அவர் குரல் தானாகத் தாழ்ந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா. இந்தக் கோடையோட வீட்டை... அவர்தான் போயிட்டாரே."

"போனா என்ன? இப்பத்தான் ஒழுங்கா உக்காந்து எழுதறாரு. முன்னெல்லாம் பாதி நாள் குடிச்சிட்டுத் தூங்குவாரு."

கிளெப் சிரிக்க வாய் திறந்தார். மேலே நாற்காலி நகர்ந்தது. பியானோவில் நாலு சுரம் ஒலித்து நின்றது. மறுபடி அதே நாலு. அடுத்த சுரத்தைத் தேடித் தடவுகிற கை அது.

கபித்தோலினா மாடியைப் பார்க்கவில்லை. வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவருக்கும் கேட்கவேண்டுமே என்று ஆண்டவரை நினைத்தபடி. கிளெப் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். ஐந்தாவது சுரம் வரவில்லை.

"எப்ப முடிப்பாராம்?" என்று கிசுகிசுத்தார்.

"அவசரப்படுத்தினா எழுத மாட்டாரு."

கிளெப் வாசற்படியில் குனிந்து ஷூ நாடாக்களை அவிழ்த்தார். இரண்டு ஷூக்களையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல் பாதையில் வெறும் காலுறையோடு அடிமேல் அடிவைத்து வெளியே நடந்தார்.